புளிப்பு வெளுக்கும், நெருப்பு வேகவைக்கும்

பச்சை மீனைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் போட்டுவைத்தால், கால் மணி நேரத்துக்குள் அதன் மேற்பரப்பு மாறத் தொடங்கும். கண்ணாடி போன்ற நிறம் மறைந்து வெள்ளையாகும். கொழகொழப்புப் போய் விரலுக்குக் கெட்டியாகப் படும். அடுப்புப் பற்றவைக்கவே இல்லை. ஆனாலும் வெந்த மீனின் தோற்றம் வந்துவிடுகிறது. மெக்சிகோவின் மேற்குக் கரையிலுள்ள சினலோவா முதல் கிழக்குக் கரையிலுள்ள வேராகுரூஸ் வரை, இப்படி ஊறவைத்த மீனில் வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், கொத்தமல்லித்தழை சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். இதற்கு செவிச்சே என்று பெயர். பெரு நாட்டின் செவிச்சே மரபை 2023-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மெக்சிகோவின் மரபுச் சமையல் 2010-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

இந்தச் செய்முறைகளெல்லாம் இன்று செல்போன் வழியாக எல்லா ஊருக்கும் வந்து சேர்கின்றன. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிவந்து, இதையும் ஒருமுறை செய்து பார்ப்போமே என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: புளிப்பில் ஊறி வெளுத்த மீன், வெந்த மீன் ஆகாது. அது ஏன் என்று புரிந்தால், கடல் தொடாத நம் ஊருக்கு மெக்சிகோவின் எந்த மீன் பதார்த்தம் பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும்.

வெளுப்பது எப்படி?

மீன் தசையில் தண்ணீருக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது புரதம். அதில் முக்கியமானது மயோசின். ஒவ்வொரு புரத மூலக்கூறும் நீளமான ஓர் இழை. கோனில் சுற்றிய நூலைப் போல அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து சுருண்டிருக்கிறது. அந்த மடிப்பைப் பிடித்துவைத்திருப்பவை வலுக்குறைந்த மின் ஈர்ப்புகளே. சூடு பட்டால் மூலக்கூறு அதிர்ந்து பிடி தளர்கிறது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் அயனிகள் புகுந்து மின்னூட்டத்தை மாற்ற, அப்போதும் பிடி தளர்கிறது. இரண்டு வழியிலும் இழை பிரிகிறது. பிரிந்த இழைகள் பக்கத்து இழைகளோடு சிக்கி வலையாகின்றன. அந்த வலை ஒளியைச் சிதறடிப்பதால்தான் மீன் வெள்ளையாகத் தெரிகிறது.

மீன் மயோசின் சூட்டில் கலைவதற்குச் சுமார் 40 முதல் 50 டிகிரி செல்சியஸே போதும். ஆட்டிறைச்சி போல மீனுக்கு நீண்ட வேக்காடு தேவைப்படாததற்கு இது ஒரு காரணம். அமிலத்தின் கணக்கோ பி.எச். அளவில் இருக்கிறது. புதிய மீன் தசையின் பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையில். எலுமிச்சைச் சாற்றுடையது 2-ஐ ஒட்டி. பி.எச். ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடும். நான்கு படி வித்தியாசம் என்றால் பத்தாயிரம் மடங்கு. மீன் தசையின் கண்ணோட்டத்தில் ஓர் எலுமிச்சம்பழம் சாதாரணப் பொருள் அல்ல.

பி.எச். என்ற சொல் திருப்பூருக்குப் புதிதல்ல. சாயப்பட்டறையில் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது உப்பும் சோடா ஆஷும் போட்டுக் காரத்தன்மையை 11 அளவுக்கு உயர்த்தினால்தான் சாயம் துணியைப் பற்றும். முடிந்தபின் அசிட்டிக் அமிலம் விட்டு அந்தக் காரத்தை முறிப்பார்கள். பருத்தி செல்லுலோஸ் என்பதால் அதற்குக் காரம் ஒத்துவருகிறது. பட்டும் கம்பளியும் புரதம். அவற்றுக்கு அமிலக் குளியலில்தான் பெரும்பாலும் சாயம் ஏற்றுகிறார்கள். மீனும் புரதம். ஆகவே பட்டறையில் பி.எச். தாளை நனைத்து நிறம் பார்க்கும் தொழிலாளிக்கு, மீன் ஊறும் கிண்ணத்தில் நடப்பதன் பாதி ஏற்கெனவே தெரியும்.

மீதிப் பாதி, நேரத்தைப் பற்றியது. அமிலம் தசைக்குள் தானாக ஊடுருவித்தான் உள்ளே போக வேண்டும். அப்படி ஊடுருவ ஆகும் நேரம், கனத்தின் இருமடியைப் பொறுத்தது. அரை சென்டிமீட்டர் ஆழம் போக அரை மணி நேரம் ஆகுமென்றால், ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் மேற்பரப்பு பாழாகிவிடும். ஏனென்றால் பி.எச். 5-ஐச் சற்றுத் தாண்டிய ஓர் இடத்தில் தசைப் புரதத்தின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்கின்றன. அங்கே புரதம் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. நீர் கசிந்து மீன் சக்கையாகிறது. நடுப்பகுதி பச்சையாகவும் வெளிப்புறம் சுண்ணாம்புத் தூள் போலவும் ஆன மீன், நேரக்கணக்குத் தப்பியதன் விளைவு.

புளிப்பு எதைக் கொல்லும், எதை விட்டுவிடும்?

1991 ஜனவரியில் பெருவின் கடற்கரையில் காலரா வெடித்து, லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவியது. பச்சை மீன் என்பதால் செவிச்சே மேல் உடனே சந்தேகம் விழுந்தது. காலராக் கிருமி அமிலத்தைத் தாங்காது. எலுமிச்சைச் சாறு தொட்ட இடத்தில் அது விரைவாக மடிந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டின. அந்த அளவில் புளிப்பு ஒரு பாதுகாப்புத்தான்.

ஆனால் எல்லா உயிரிகளும் காலராக் கிருமி போல் மென்மையானவை அல்ல. கடல்மீன்களின் குடலிலும் தசையிலும் அனிசாகிஸ் என்ற புழுவின் குட்டிகள் இருக்கக்கூடும். அவை வினிகரில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். நெத்திலி வகை மீனை வினிகரில் ஊறவைத்து உண்ணும் ஸ்பெயினில் இதனால் நோய்வாய்ப்பட்டோர் உண்டு. பச்சையாகவோ ஊறவைத்தோ பரிமாறும் மீனை உணவகங்கள் முதலில் உறையவைத்தே தீரவேண்டும் என்று 2006-ல் அந்நாட்டு அரசு ஆணையிட்டது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். இது புழுவைக் கொல்லும்; பாக்டீரியாவை உறங்கவைக்க மட்டுமே செய்யும்.

தாய்லாந்தின் வடகிழக்கில், கோன் கேன் பகுதியில் நடந்தது இன்னும் கொடியது. அங்கே ஆற்றுக் கெண்டை இன மீன்களைக் கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துப் பச்சையாகவே உண்ணும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. அந்த மீன்களிலிருந்து கல்லீரல் தட்டைப்புழு உடலுக்குள் நுழைந்து பித்தநாளத்தில் குடியேறுகிறது. பல ஆண்டு கழித்துப் பித்தநாளப் புற்றுநோயாக முடிகிறது. உலகிலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அது ஒன்று. எலுமிச்சையின் புளிப்பு அந்த மக்களைக் காக்கவில்லை. நம் அணைகளில் அதே புழு இருக்கிறது என்பது இதன் பொருள் அல்ல. நன்னீர் மீனைப் புளிப்பை மட்டும் நம்பி உண்ணக்கூடாது என்பதே பொருள்.

நெருப்பாலும் தீராத ஓர் ஆபத்தும் உண்டு. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உண்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடலில் தடிப்பு வரும். ஹிஸ்டமின் உருவானபின் அதைப் புளிப்பும் போக்காது, கொதியும் போக்காது. அதைத் தடுக்கும் ஒரே வழி, படகிலிருந்து அடுப்பு வரை குளிர் அறாமல் காப்பது.

திருப்பூருக்கு வரும் மீன்

எந்தக் கடற்கரையும் திருப்பூரிலிருந்து நேர்கோட்டில்கூட 150 கிலோமீட்டருக்கு மேல். தென்னம்பாளையம் மீன் மார்க்கெட்டில் ஞாயிறு காலையில் குவியும் மீன், ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், கேரளக் கரைகளிலிருந்து லாரியில் வருவது. அதை வாங்க வருபவர்களும் பல கரைக்காரர்கள். ராமநாதபுரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள், எல்லோரும் மீனோடு வளர்ந்தவர்கள். வாரம் ஆறு நாள் தையல் மெஷின் முன்னால் இருந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன், தன் ஊரின் சாப்பாடு. அது அவரைப் படுக்கையில் தள்ளிவிடக் கூடாது. ஒருநாள் காய்ச்சல் என்றால் ஒருநாள் கூலி போகும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதையொட்டிக் கேரளத்திலும் ஜூலை இறுதிவரை இழுவலைக்குத் தடை. அந்த மாதங்களில் அணை மீன் கைகொடுக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி அணையிலும் திருமூர்த்தி அணையிலும் ஜிலேபி, கட்லா, ரோகு கிடைக்கின்றன.

கடல்மீன் வாடையும் அணைமீன் வாடையும் வேறு வேறு. கடல்மீனின் உடலில் உப்புச் சமநிலைக்காக இருக்கும் ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் உடைத்து டிரைமெதிலமின் என்ற வாயுவாக்குகின்றன. கவுச்சி நாற்றம் அதிலிருந்து வருகிறது. அது காரத்தன்மை உடையது. புளியோ எலுமிச்சையோ பட்டதும் உப்பாக மாறி, காற்றில் எழாமல் தங்கிவிடுகிறது. மீன் குழம்புக்குப் புளி என்று நம் அம்மாக்கள் வைத்த முறையில் இந்த வேதியியல் இருக்கிறது. அணைமீனின் சேற்று வாடைக்குக் காரணம் நீரிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின். அமிலம் அதையும் சிதைத்து வாடையில்லாத பொருளாக்குகிறது. ஆக இரண்டு மீனுக்கும் புளிப்பு உதவும். ஆனால் வாடை போனது மீன் புதியதாகிவிட்டதற்கு அடையாளம் அல்ல. அதனால் புளிப்பில் போடுவதற்கு முன்பே முகர்ந்துவிட வேண்டும்.

மீன் கெடாததுபோல் காட்டச் சிலர் சேர்க்கும் ஃபார்மலினையும், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசலையும், சொல்லியாக வேண்டும். அது புரத இழைகளை ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைத்துவிடுகிறது. அதனால் மீன் நாள்பட்டாலும் விறைப்பாகத் தெரியும். சுருக்கம் விழாத துணிக்குப் போடும் சில பிசின்களிலும் இதே ஃபார்மால்டிஹைடு உண்டு. தோலில் படும் துணியில் அது கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கைக்குழந்தை உடுப்பில் கண்டறியும் அளவுக்கே இருக்கக்கூடாது என்பது ஓகோ-டெக்ஸ் தரச்சான்றின் விதி. வெளிநாட்டுக் குழந்தையின் சட்டைக்கு இவ்வளவு கவனமாகச் சோதனை செய்யும் ஊரில், தட்டில் விழும் மீனுக்கும் அதே கவனம் வேண்டும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி 2018-ல் அறிமுகமான காகிதப் பட்டைச் சோதனை, மீனிலுள்ள ஃபார்மலினைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். அது மார்க்கெட் தோறும் வழக்கமாக வேண்டும்.

நமக்குப் பொருந்தும் மெக்சிகோ மீன்

மெக்சிகோவின் தென்கிழக்கு முனையிலுள்ள யுகடான் தீபகற்பம், மாயா மக்களின் நிலம். அதன் கரையோரத்திலும் இஸ்லா முஹேரஸ் தீவிலும் டிக்கின் ஷிக் என்றொரு மீன் செய்கிறார்கள். மீனைப் பிளந்து, சிவப்பு மசாலாவை அரைத்துப் பூசி, புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, வாழையிலையில் பொதிந்து நெருப்பில் சுடுவார்கள். புளிப்பும் உண்டு, நெருப்பும் உண்டு. ஐஸ் பெட்டியில் நெடுந்தூரம் வந்த மீனுக்கு ஏற்ற முறை இது.

பொருட்களைப் பார்த்தால் இது நமக்குச் சொந்தக்காரச் சமையல் என்பது தெரியும். அங்கே பயன்படும் மீன்களின் குடும்பம் நம் களவாவும் சங்கராவும் சேர்ந்த குடும்பங்களே. வாழையும் புளிப்பு ஆரஞ்சும் ஆசியாவில் தோன்றி ஸ்பானியர் வழியாக அங்கே போனவை. மசாலாவிலுள்ள சீரகம், மிளகு, கிராம்பும் கடல் தாண்டிப் போனவை. பதிலுக்கு மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அந்த நிலத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் நம்மிடம் வந்தன. அவர்கள் சேர்க்கும் ஓரிகானோவின் மணம் கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்களால் ஆனது. நம் வீட்டுத் தொட்டியிலுள்ள கற்பூரவள்ளி இலையிலும் அவையே இருக்கின்றன.

சிவப்பு நிறத்தைத் தருவது அச்சியோத்தே, அதாவது சாப்பிரா விதை. வெண்ணெய், சீஸ் பொட்டலங்களில் 160பி என்று அச்சிட்டிருப்பது இதன் சாயத்தைத்தான். ஒருகாலத்தில் துணிக்கும் இதே சாயத்தை ஏற்றினார்கள். வெயிலில் வெளிறிவிடும் என்பதால் நிலைக்கவில்லை. இதிலுள்ள பிக்சின் என்ற நிறமி எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. மஞ்சளின் நிறமியும் மிளகாயின் காரமும் அப்படியே. ஆகவே மீன் மசாலாவில் எண்ணெய் சேர்ப்பது சுவைக்காக மட்டும் அல்ல. நிறத்தையும் காரத்தையும் கரைத்து மீன் மேல் சீராகப் பரப்புவது அந்த எண்ணெய்தான். அப்போதும் அவை மேல்தோலோடு நின்றுவிடும். மசாலாவிலிருந்து உள்ளே போவது உப்பு மட்டுமே, ஏனென்றால் அதன் அயனிகள் மிகச் சிறியவை.

வீட்டில் செய்ய

அரை கிலோ களவா அல்லது சங்கராவை இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் துண்டுபோட்டு வாங்குங்கள். கடல்மீன் இல்லாத மாதத்தில் ஜிலேபி போதும். வீடு வரும்வரை ஐஸில் இருக்கட்டும்.

இரண்டு மேசைக்கரண்டி சாப்பிரா விதையைக் கால் கிண்ணம் எண்ணெயில் மிகச் சிறு தீயில் சூடாக்கி, எண்ணெய் சிவந்ததும் வடிகட்டுங்கள். எண்ணெய் புகைய விட்டால் நிறமி சிதைந்துவிடும். சாயத்துக்கென்று விற்கும் விதையைத் தவிர்த்து, உணவுக்கென்று விற்பதையே வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூளும் சிட்டிகை மஞ்சளும் நிறம் தரும். ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, இரண்டு கிராம்பு, நாலைந்து கற்பூரவள்ளி இலை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை அரைத்து அந்த எண்ணெயில் குழையுங்கள். புளிப்பு ஆரஞ்சுக்குப் பதிலாக இரண்டு பங்கு ஆரஞ்சுச் சாறும் ஒரு பங்கு எலுமிச்சைச் சாறும் கலந்தால் போதும். இஞ்சி வேண்டாம், அதிலுள்ள நொதி புரதத்தை அறுத்து மீனைக் குழையவைக்கும்.

ஊறவைக்கும் பாத்திரம் கண்ணாடி, பீங்கான் அல்லது எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் பித்தளையும் புளிப்போடு வினைபுரியும். ஃபிரிட்ஜுக்குள் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறினால் ருசி கூடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. ஊடுருவல் கணக்குப்படி மசாலா உள்ளே போகப் போவதில்லை. அமிலம் மட்டும் மேற்பரப்பைச் சக்கையாக்கிக்கொண்டே இருக்கும். மீன் ஊறிய சாற்றில் பச்சை மீனின் கிருமி இருக்கும் என்பதால் அதைச் சட்னியாகவோ தொட்டுக்கொள்ளவோ பயன்படுத்தக் கூடாது.

வாழையிலையை அனலில் வாட்டி, மீனைப் பொதிந்து, மூடிபோட்ட தோசைக்கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் சுடுங்கள். கொட்டாங்குச்சி நெருப்பில் சுட்டால் புகைமணமும் சேரும். பொதிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மீனைச் சூழ்வதால், இலை கருகினாலும் உள்ளே சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மீன் காயாமல் வேகும். அமிலத்தால் ஏற்கெனவே பிரிந்த வெளிப்புரதத்தோடு சூடு உள்பக்கப் புரதத்தையும் பிரித்து முடிக்கும். துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் குத்திப் பார்க்கலாம். இல்லாவிட்டால் நடுவில் கரண்டியால் அழுத்துங்கள். தசை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். மேல் நிறத்தை நம்ப முடியாது, அதை அமிலம் முன்பே மாற்றிவிட்டது. இறால் போட்டாலும் இதே எச்சரிக்கை. இறாலின் சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு கட்டுண்டு நீலச் சாம்பலாகத் தெரிகிறது. அந்தக் கட்டை எலுமிச்சையும் அவிழ்க்கும், அடுப்பும் அவிழ்க்கும். சிவந்த இறாலெல்லாம் வெந்த இறால் ஆகாது.

யுகடானில் இந்த மீனோடு எலுமிச்சையில் ஊறிய சிவப்பு வெங்காயம் வைப்பார்கள். பொங்கலூர், குண்டடம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் விட்டுப் பாருங்கள். மங்கிய ஊதா சில நிமிடங்களில் பளிச்சென்ற ரோஜா நிறமாகும். வெங்காயத்திலுள்ள அந்தோசயனின் நிறமி, பி.எச். இறங்கியதை இப்படிக் காட்டுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம் இல்லாமலே காட்டக்கூடிய பாடம்.

கூடவே மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டி இருக்கும். அந்தச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பது ஆயிரக்கணக்கான ஆண்டு வழக்கம். காரம் பட்டால்தான் சோளத்திலுள்ள நியாசின் வைட்டமின் உடலுக்குச் சேரும். சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பிய நாடுகளில், அந்த வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. ஒரு சமையலைக் கடன் வாங்கும்போது அதன் பொருளோடு அதன் முறையையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செவிச்சே பிறந்தது, பிடித்த மீன் துள்ளத் துள்ள அடுப்படிக்கு வரும் கடற்கரையில். அங்கேயும் அது நோய்க்கு இடம்தந்த நாட்கள் உண்டு. அதைத் திருப்பூரில் செய்ய ஆசைப்பட்டால், மைனஸ் 20 டிகிரியில் முறையாக உறையவைத்த, நம்பகமான இடத்து மீன் இருக்க வேண்டும். அதுவும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வேண்டாம். எல்லோருக்கும் ஏற்றது இலையில் பொதிந்து சுட்ட மீன்தான். ஐஸின் வேலை கெடாமல் காப்பது, புளிப்பின் வேலை வாடையைப் போக்கிச் சுவை சேர்ப்பது, நெருப்பின் வேலை கிருமியைக் கொல்வது. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. இந்த மூன்றும் வரிசை தப்பாமல் நடந்தால், பல கரைகளிலிருந்து வந்து இந்த ஊரில் உழைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மீனை நிம்மதியாகச் சாப்பிட்டு, திங்கட்கிழமை ஆரோக்கியமாக வேலைக்குப் போவார்கள்.